மூன்று வீடு தள்ளி ஒரு தாளிப்பு

வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, உலகம்மாளின் தாளிப்பு மணம் அவள் வீட்டைவிட்டுப் போயிற்று. வாணலியில் நல்லெண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, உளுத்தம்பருப்பு சிவந்தது, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே வெந்தயம் நின்றுபோகிற அந்த ஒரு நொடியும் சரியாக வந்தது, பெருங்காயம் உப்பியது, ஈரம் உதறாத கறிவேப்பிலை சடசடத்துச் சுருண்டது. சத்தம் எல்லாம் இருந்தது, மணம் இல்லை. சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து மோந்தாள், அது மணத்தது. சாமி படத்தடியில் இருந்த சூடத்தை மோந்தாள், அதுவும் மணத்தது. வாணலிக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோனாள். வெறும் சூடுதான் அடித்தது.

அதே நேரத்தில் மூன்று வீடு தள்ளி, செண்பகவடிவின் வீட்டில், அடுப்பே எரியாத வீட்டில், அந்த மணம் கூடத்தை நிறைத்துக்கொண்டு நின்றது.

செண்பகவடிவு பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிறவள். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவள். கண்ணை மூடிக்கொண்டு இது இந்த வருஷத்து ஓமம், இது போன வருஷத்து ஓமம் என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். முதலாளியே சரக்கு எடுக்கும்போது அவள் மூக்கைத்தான் நம்புவார். ஆனால் அவள் வீட்டில் ஒன்பது வருஷமாகத் தாளிப்புக் கிடையாது. போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அவளுடைய அப்பா சங்கரலிங்கம், கையும் காலும் பேச்சும் விழுந்து கட்டிலில் கிடந்தார். அவருக்குப் பத்தியக் கஞ்சி, அதில் மிஞ்சியது அவளுக்கு. மத்தியானம் கடையிலிருந்து வந்து அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள் மணம் வந்ததும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தாளாம்; கட்டிலில் கிடந்தவர் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகத் தலையைத் தானே திருப்பினாராம்.

ஒற்றைப் பனைத் தெருவில் பனை ஒன்றுகூடக் கிடையாது, குற்றால மலைச் சாரல் சிலநாள் எட்டிப் பார்க்கும், மற்றபடி விசேஷம் என்று ஒன்றும் இல்லாத தெரு. ஆகையால் விஷயத்தைத் தெரு நிதானமாக எடுத்து ஆராய்ந்தது. எதிர்வீட்டுப் பிரம்மசக்தி, அறுபது வயதாகியும் தெருவில் எல்லோருக்கும் பிரமு அக்கா, உலகம்மாளின் அடுப்பில் தானே தாளித்துப் பார்த்தாள், அங்கேயே மணத்தது. உலகம்மாளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தாளிக்கச் சொன்னாள். மணம் செண்பகவடிவின் வீட்டில் எழும்பிற்று. கோவில் மண்டபத்தில் தாளித்தபோதும் அப்படியே. ஆக, மணம் போனது அடுப்பைவிட்டு அல்ல, உலகம்மாளின் கையைவிட்டு என்று முடிவாயிற்று. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது.

“செண்பகம் வீட்டு அடுப்புல வச்சு ஒருக்கத் தாளிச்சுப் பாத்திரு” என்றாள் பிரமு அக்கா.

“அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்” என்றாள் உலகம்மாள்.

“அவ என்ன செஞ்சா உன்ன?”

“ஒண்ணும் செய்யல. ஒண்ணும் செய்யாமலே எடுத்துக்கிட்டாள்லா, அதத்தான் சொல்லுதேன்.”

பத்து நாளில் தெரு பழகிவிட்டது. உலகம்மாள் இன்றைக்கு உள்ளித் தீயலா, சொதியா என்று தெரிய வேண்டியவர்கள் செண்பகவடிவின் வாசலில் நின்று காற்றைப் பிடித்தார்கள். பூனைகள் முதலில் ஏமாந்தன, பிறகு அங்கே மோந்துவிட்டு இங்கே ஓடிவரக் கற்றுக்கொண்டன. கீரைக்காரி மட்டும் குழம்பிப்போய், செண்பகவடிவிடம் கொத்தமல்லி விற்றுவிட்டு, “நேத்து ரசம் நல்லாருந்துச்சு” என்று உலகம்மாளிடம் சொல்லிப்போனாள். மணம் இல்லாத குழம்பை வாயில் வைத்தால் புளி தெரியும், உப்பு தெரியும், காரம் தெரியும், குழம்பு தெரியாது. அதைத் தெருவில் எல்லோரும் ஒரு வாய் வாங்கித் தின்று பார்த்து, தலையை ஆட்டி, பாவம் என்று சொல்லி, வீட்டுக்குப் போனார்கள்.

போகாதவர் உலகம்மாளின் கணவர் ஆவுடையப்பன். சைக்கிள் கடையை ஒரு மணிக்குச் சாத்திவிட்டு வருகிறவர், இருபத்தேழு வருஷமாகத் தெருமுனையிலேயே மூக்கை உயர்த்திக்கொண்டு வருகிறவர், பதினோரு நாள் வீட்டில் உட்கார்ந்து மணமில்லாத சோற்றைப் பிசைந்தார். பன்னிரண்டாம் நாள், சோறும் குழம்பும் போட்ட தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, மூன்று வீடு நடந்து, செண்பகவடிவின் கூடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது தட்டு கழுவியிருந்தது.

“யாரு கழுவுனா?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“நாந்தான்.”

“இங்க ஒருநாளு கழுவுனதுண்டா?”

“அடுத்தவங்க வீடு உலகு. அப்படியே வச்சுட்டு வர முடியுமா.”

சமைத்தது அவள் கை, தின்றது அவள் புருஷன், தட்டு அவள் தட்டு. இதில் அந்நியச் சோறு ஒரு பருக்கை கிடையாது. யாரிடம் போய் என்னவென்று சொல்லுவாள். தினமும் ஒரு மணிக்கு அவர் தட்டோடு இறங்கும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செண்பகவடிவு கதவைத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று பார்த்தாள். இன்றைக்குத் தலையில் பூ இருந்ததா, நேற்றுக் கட்டிய அதே ஊதாச் சேலைதானா என்று பார்த்தாள். சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். கேட்காதபோது, கேட்காமல் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாள். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதில் என்ன இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தேழு வயது முகம், அடுப்புச் சூட்டில் பழுத்தது. பொறாமை அவளுக்குள் புளிக்காய்ச்சல் மாதிரி, நீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகிக்கொண்டு, அடிப்பிடிக்கும் பக்குவத்தில் கொதித்துக் கிடந்தது.

ஆடி மாதம் அவள் தாளிப்பை நிறுத்தினாள். கூட்டு, பருப்பு, மோர் என்று மூன்று நாள் வெறுமனே இறக்கிவைத்தாள். ஆவுடையப்பன் பேசாமல் வீட்டிலேயே சாப்பிட்டார். அவள் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். நான்காம் நாள் பிரமு அக்கா வந்தாள்.

“ஏளா, அந்த மனுசன் மூணு நாளா வாயத் திறக்க மாட்டேங்காராம். உன் மணம் வந்தாத்தான் ரெண்டு கரண்டிக் கஞ்சி இறங்குதாம்.”

“எந்த மனுசன்?”

“சங்கரலிங்கம் அண்ணாச்சிதான். பின்ன உன் வீட்டு மனுசனா?” என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியில்லை என்று தெரிந்து, பிரமு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பாவத்தக் கட்டிக்காத, கேட்டியா. ஒரு கரண்டி எண்ணெய்தான.”

மறுநாள் அவள் தாளித்தாள். அவளைத் தவிர தெரு முழுவதும் மோந்தது. அதுதான் உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது: அவள் கையில் பிறந்ததை ஊரில் பூனை உட்பட எல்லோரும் அனுபவித்தாயிற்று, அவள் ஒருத்திக்கு மட்டும் அது எப்படி இருக்கும் என்பதே மறந்துகொண்டு வந்தது, போய் மோந்து பார்க்கலாம் என்றால் போக வேண்டிய வாசல் அந்த வாசல்.

ஆவணி போயிற்று, ஐப்பசி மழை போயிற்று, மார்கழிப் பனி போயிற்று. பொங்கல் கழிந்த ஆறாம் நாள் காலையில் சங்கரலிங்கம் இறந்துபோனார்.

செண்பகவடிவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. சிதம்பரபுரத்திலிருந்து ஒரு பங்காளிப் பையன் வந்து கொள்ளி வைத்தான். பாடைக்குத் தோள் கொடுக்க ஆள் குறைந்தபோது ஆவுடையப்பன் சட்டையைக் கழற்றி உலகம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தோள் கொடுத்தார். அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலகம்மாளின் அப்பா செத்த அன்றைக்கு ஆவுடையப்பனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தெருவில் ஒரு கட்டு உண்டு. துட்டி விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் வரைக்கும் தாளிக்கக் கூடாது. எண்ணெயில் கடுகு வெடிப்பது கல்யாணச் சத்தம், அதன் மணம் விருந்து மணம். இழவு வீட்டில் அது எழும்பினால், செத்தவனை அதற்குள் மறந்துவிட்டார்கள் என்று ஊர் பேசும், வந்த சொந்தம் கை நனைக்காமல் எழுந்து போகும். ஆகையால் அன்று சாயங்காலம் பிரமு அக்கா நேராக உலகம்மாளின் அடுக்களைக்கு வந்தாள்.

“ஏளா உலகு, பதினாறு கழியுற வரைக்கும் நீ தாளிக்கப்பிடாது, கேட்டியா.”

“நான் எதுக்குக்கா தாளிக்காம இருக்கணும்? செத்தது எங்கப்பாவா?”

“நீ தாளிச்சா அங்கல்லா மணக்கும்.”

“மணந்தா மூக்கப் பொத்திக்கிடச் சொல்லுங்க.”

“துட்டி வீட்டுல மூக்கப் பொத்திக்கிட்டு இருந்தா ஊரு அத வேற மாதிரில்லா பேசும்” என்றாள் பிரமு அக்கா, சிரிக்காமல். இதில் விசேஷம் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஒருவர் வீட்டுத் துட்டிக்கு இன்னொருவர் அடுப்புத் துக்கம் காப்பது தெருவுக்கு அதற்குள் நியாயமாகிவிட்டிருந்தது.

உறவும் இல்லாமல், தீட்டும் இல்லாமல் உலகம்மாள் துக்கம் காத்தாள். எட்டு நாள் அவள் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. ஆவுடையப்பன் கடைக்குப் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் துட்டி வீட்டில் நாற்காலி போடவும் தண்ணீர்ப் பானை நிரப்பவும் நின்றார். ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார், போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன?” என்றாள் அவள்.

“அந்தப் பிள்ள ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கு. இன்னையோட ஒம்பது நாளு. வெறும் கருப்பட்டிக் காப்பிதான். யாரு என்ன கொண்டாந்து வச்சாலும் அப்படியே கிடக்கு.”

அந்தப் பிள்ளை. நாற்பத்தொரு வயசுப் பிள்ளை. ஒன்பது நாளாக இந்த வீட்டிலும் ஒருத்தி ஒன்றுமில்லாத பருப்பைச் சோற்றில் கரைத்து முழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் எழுந்து திரும்பவும் அங்கே போனார். உலகம்மாள் அடுக்களைக்குள் போய் அடுப்பை ஏற்றினாள்.

அன்றைக்கு அவள் தாளித்த தாளிப்பு கல்யாண வீட்டுக்குத் தாளிக்கிற தாளிப்பு. கால் படி எண்ணெய் ஊற்றினாள். கடுகைக் கையால் அள்ளிப் போட்டாள், அது வாணலிக்கு வெளியே தெறித்துச் சுவரில் அடித்தது. உளுந்து போட்டாள், வெந்தயம் போட்டாள், வற்றல் மிளகாயைக் கிள்ளாமல் முழுசாகப் போட்டாள், கட்டிப் பெருங்காயத்தில் சுண்டுவிரல் அளவு உடைத்துப் போட்டாள், கறிவேப்பிலையை உருவாமல் கொத்துக் கொத்தாகப் போட்டாள். போகட்டும், போய் அந்த வீட்டுக் கூடத்தில் வந்த சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்கையில் நடுவில் எழுந்து நிற்கட்டும், அவள் அப்பனை மறந்துவிட்டாள் என்று ஊர் சொல்லட்டும், அவள் தலை குனியட்டும் என்று ஒவ்வொன்றையும் போடும்போது மனசுக்குள் சொன்னாள். எல்லாம் கொதித்தது. அவள் மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தெருவில் கூச்சல் கேட்பதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கூச்சல் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்துப் பிரமு அக்கா வந்தாள், கண் சிவந்து வந்தாள்.

“உலகு, உன் வயித்துல பிறக்க நான் குடுத்து வைக்கலளா” என்றாள்.

நடந்தது இதுதான். மணம் எழுந்ததும் கடையத்திலிருந்து வந்திருந்த அத்தைக்காரி ஒருத்தி, துட்டி வீட்டில் தாளிப்பா என்று எழுந்து நின்று சேலையை உதறியிருக்கிறாள். நாலு பேர் வாசலைப் பார்த்திருக்கிறார்கள். அப்போது மூலையில் சுருண்டு கிடந்த செண்பகவடிவு எழுந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து, இழுத்த மூச்சை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, ஒரு தட்டில் சோறு கேட்டிருக்கிறாள். உப்பும் போடாத ஆறின வெள்ளைச் சோற்றை, அந்த மணத்தைத் தொட்டுக்கொண்டு, மூன்று தரம் வாங்கித் தின்றிருக்கிறாள். தின்றுவிட்டுத்தான் அப்பாவுக்காக வாய்விட்டு அழுதாளாம். எழுந்து நின்ற அத்தைக்காரியும் உட்கார்ந்து அழுதாளாம்.

“கட்ட மீறினாலும் தப்பில்லன்னு, பட்டினி கிடக்குறவளுக்காகத் தாளிச்ச பாத்தியா. இந்த மனசு யாருக்கு வரும்.”

தெரு முழுவதும் அவளைப் புகழ்ந்தது. ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, இருபத்தேழு வருஷத்தில் பார்க்காத ஒரு பார்வை பார்த்து, “பெரிய மனசு உனக்கு” என்றார். அந்தப் பார்வைக்காக அவள் எத்தனையோ வருஷம் தீயலும் அவியலும் வைத்திருக்கிறாள். அது இன்றைக்கு வந்தது, அதுவும் அந்தப் பிள்ளை சாப்பிட்டதற்காக வந்தது. கரண்டியைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. கழுவிக் கவிழ்த்தாள்.

பதினாறு கழிந்த மறுநாள் மத்தியானம், பின்வாசல் வழியாகச் செண்பகவடிவு வந்தாள். ஊதாச் சேலைதான். கையில் கடைப் பொட்டலம் ஒன்று.

“மைனி” என்று அண்ணி முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

உலகம்மாள் திரும்பவில்லை. புளியைக் கரைத்துக்கொண்டே, “என்ன?” என்றாள்.

“புது வெந்தயம் வந்துருக்கு கடைல. கொண்டாந்தேன்.”

“என்கிட்ட இருக்கு.”

“இருக்கு. அது போன வருசத்துது. சீக்கிரம் கருகும்.” தணிந்த குரலில் சொன்னாள்: “அன்னைக்குக் கருகிட்டு.”

புளியில் இருந்த கை நின்றது.

“நீங்க எனக்காகத் தாளிக்கல. என்ன அவமானப்படுத்தத் தாளிச்சிய. வெந்தயம் கருகின கசப்பு அத்தன பெருங்காயத்துக்கு அடியிலயும் தெரிஞ்சது. உங்க கை சாதாரணமா வெந்தயத்தக் கருக விடாது. அங்க யாருக்கும் தெரியல. நானும் சொல்லல.”

“தெரிஞ்சுமா தின்ன?”

“பசிச்சது மைனி” என்றாள் செண்பகவடிவு. “எங்க வீட்டுல ஒருத்தர் கோவப்படுறது நல்லாருந்துது. ஒம்பது வருசமா சத்தமே கிடையாதுல்லா.”

உலகம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, காதோரம் நரைத்து, பூ வைக்காத தலையோடு ஒரு பெண் பிள்ளை நின்றாள். எட்டு மாதம் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தது இவளைத்தானா என்று இருந்தது.

“வேற என்ன தெரியும் உனக்கு?”

“ஆடில மூணு நாளு வரல. நாலாம் நாளு வந்தது, ஆனா எண்ணெய் காயுறதுக்கு முந்தியே கடுகப் போட்டுட்டிய, மனசில்லாம. ஐப்பசில ஒருநாளு கறிவேப்பில மட்டும் வந்தது, வேற எதுவும் இல்ல, அன்னைக்கு உங்களுக்கு முடியலன்னு நினைச்சேன்.”

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். ஆவுடையப்பன் அந்தக் கறிவேப்பிலைத் துவையலை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, காய்ச்சலா என்றுகூடக் கேட்கவில்லை.

“அவரு என்ன பேசுவாரு அங்க?” எட்டு மாதமாகத் தொண்டையில் இருந்த கேள்வி, கேட்டபோது சின்னதாக இருந்தது.

“ஒண்ணும் பேச மாட்டாரு. சுவரப் பாத்து உக்காந்து, கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுவாரு. ஒருக்க உப்பு கேட்டாரு. நான் நிக்கேனா, போயிட்டேனான்னு அவருக்குத் தெரியாது.”

இதைக் கேட்டு மனசு ஆறும் என்று உலகம்மாள் நினைத்தாள். ஆறவில்லை, இடம் மாறிற்று. கண்ணை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து, எட்டு மாதம், அவள் மணத்தை, அவளில்லாமல்.

வாணலியை வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்துப் புது வெந்தயத்தைப் போட்டாள். செண்பகவடிவு பக்கத்தில் நின்று பார்த்தாள். கடுகு வெடிக்கும்போது அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

“சத்தத்த இன்னைக்குத்தான் கேக்கேன்” என்றாள். “இத்தன சத்தமா போடும்?”

தீயலில் தாளிப்பைக் கொட்டி மூடினாள் உலகம்மாள். இரண்டு பேருக்கும் மூக்கில் ஒன்றும் வரவில்லை. “வாங்க மைனி, அங்க எழும்பியிருக்கும்” என்றாள் செண்பகவடிவு, “தாமதிச்சா அடங்கிரும்.”

ஆவுடையப்பன் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். இரண்டு பெண்களையும் ஒன்றாகப் பார்த்ததும் கதவோரம் ஒதுங்கினார். உலகம்மாள் ஒரு தட்டில் சோறு போட்டு, தீயலை ஊற்றி, கையில் எடுத்தாள். அவர் பழக்கப்படி கையை நீட்டினார்.

“இது எனக்கு” என்றாள் அவள். “சட்டில இருக்கு. நீங்க இங்க போட்டுச் சாப்பிடுங்க.”

பட்டப்பகலில், தெரு பார்க்க, அவள் தட்டோடு மூன்று வீடு நடந்தாள். மிதிக்க மாட்டேன் என்ற வாசற்படியை மிதித்தாள். உள்ளே காலை வைத்ததும் அது வந்து அவள் முகத்தில் இறங்கியது. நல்லெண்ணெய் முதலில், அதன் தோளில் ஏறிக் கடுகு, அப்புறம் வறுத்த மல்லியும் சின்ன வெங்காயமும், எல்லாவற்றுக்கும் அடியில், சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் சரியாக நின்ற வெந்தயம். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் பயந்து பயந்து தாளித்தது, பிள்ளை தங்காமல் போன வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தாளித்தது, யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாத அத்தனை வருஷமும் தாளித்தது, எல்லாம் அந்தக் கூடத்தில், சொந்தமில்லாத சுவர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். கண் தானாக மூடிக்கொண்டது.

இதைத்தானா இத்தனை பேரும் தின்றார்கள் என்று நினைத்தாள். பூனை முதற்கொண்டு.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டியிலிருந்து போட்டுக்கொண்ட சோற்றுத் தட்டோடு ஆவுடையப்பன் படியேறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பிரமு அக்காவின் குரலும் கேட்டது, இன்னைக்கு என்ன தீயலா என்று.

உலகம்மாள் கண்ணைத் திறக்கவில்லை.

“கதவச் சாத்துளா” என்றாள். “தெருவுக்கெல்லாம் போகுது.”

செண்பகவடிவு ஒரு நொடி யோசித்துவிட்டு, போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.